விண்கல்லைத் தொடலாமா?

(மட்டக்களப்பில் வாசகர் சந்திப்பொன்றில் ஆற்றிய உரை)

எல்லோருக்கும் வணக்கம். விண்கல் என்றதும் முதலில் வருகிற கேள்வி, “சேர், கதிரியக்கம் இருக்குமே, கையால் தொடலாமா?” தாராளமாகத் தொடலாம். சாதாரண கொண்ட்ரைட் என்கிற கல்வகை விண்கல்லில் யுரேனியம் நூறு கோடியில் சுமார் 12 பங்குதான். வீட்டு அத்திவாரத்துக்குப் போடுகிற கருங்கல்லில் அதைவிட இருநூறு மடங்குக்கு மேலும் இருக்கக்கூடும். புல்மோட்டைக் கடற்கரை மணலிலோ கதிர்விடும் தோரியம் உள்ள மொனசைட் கனிமமே கலந்து கிடக்கிறது.

பிறகு எதற்கு விண்கல்லின் கதிரியக்கத்தை அளக்கிறார்கள்? விண்வெளியில் அலைந்த காலமெல்லாம் அண்டக்கதிர்கள் மோதி மோதி, அந்தக் கல்லுக்குள் அலுமினியம்-26, சோடியம்-22, மங்கனீசு-54 போன்ற கதிரியக்க அணுக்களை உண்டாக்கியிருக்கும். அவைதான் கல்லின் பிறப்புச் சான்றிதழ். ஆனால் ஒரு கிலோகிராம் கல்லில் செக்கனுக்கு ஏறக்குறைய ஒரேயொரு அலுமினியம்-26 அணுதான் சிதையும்.

அந்த ஒன்றைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. மேசை, சுவர், அளக்கிறவர் உடம்பு எல்லாமே கதிர்விடும். நம் உடம்புப் பொட்டாசியத்தில் மட்டும் செக்கனுக்குச் சுமார் 4,000 சிதைவுகள்! அதனால்தான் இத்தாலியின் கிரான் சாசோ நிலத்தடி ஆய்வுகூடத்தில் 1,400 மீற்றர் மலைப்பாறைக்குக் கீழே போய் உட்கார்ந்து அளக்கிறார்கள். திரவ நைதரசனில் குளிரவைத்த ஜேர்மானியம் உணரி, வெளிக்கதிரைத் தடுக்கச் சுற்றிவர ஈயக்கட்டிகள். புது ஈயத்திலும் கதிர்விடும் ஈயம்-210 இருக்கும். அது பாதியாகவே 22 வருடமாகும். ஆகவே பழைய ஈயத்துக்கு அங்கே தனி மவுசு. வேறொரு பரிசோதனைக்காக, கடலில் மூழ்கிய ரோமக் கப்பலின் ஈயத்தையே அந்த மலைக்குள் கொண்டுபோயிருக்கிறார்கள். கல்லை உள்ளே வைத்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவசரக்காரருக்கு இந்த வேலை சரிவராது.

மறுகா, விண்கல்லை ஏன் பாலைவனத்தில் போய்த் தேடுகிறார்கள்? ஓமானிலும் சகாராவிலும் வெளிர் நிலத்தில் கறுத்த கல் தூரத்திலேயே தெரியும். நம் மாரி மழையில் இரும்பு கலந்த கல் துருவேறி உதிர்ந்துவிடும். ஆனால் பாலைவனத்தையும் முழுக்க நம்ப முடியாது. எப்போதாவது பெய்கிற மழையும் இரவுப் பனியும் மண்ணின் யுரேனியத்தைக் கரைத்துக் கல்லின் வெடிப்புகளில் ஏற்றிவிடும். அலுமினியம்-26 அப்படி ஏறாது. அதன் அரை ஆயுட்காலம், அதாவது பாதி சிதைய எடுக்கும் காலம், ஏழு இலட்சம் ஆண்டுகளுக்கு மேல், சோடியம்-22க்கு 2.6 ஆண்டு. முன்னது இருந்து பின்னது இல்லையென்றால், கல் விழுந்து நாளாகிவிட்டது. எத்தனை ஆயிரம் ஆண்டு என்பதைக் காபன்-14 சொல்லும்.

2012 டிசம்பரில் நம் மாவட்ட எல்லைக்கு அப்பால், பொலன்னறுவை மாவட்டத்து அரலகங்விலப் பக்கம் கற்கள் விழுந்ததாகப் பெரிய பரபரப்பு. விண்கல் என்றார்கள் சிலர். நிலத்துக் கல்தான் என்று மறுத்தார்கள் வேறு சிலர். இப்படி ஒன்று இனியும் நடந்தால் முதலில் மங்கனீசு-54ஐத் தேட வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு 312 நாள்தான் அரை ஆயுள். கல்லை அலுமாரியில் பூட்டிவிட்டு ஐந்தாறு வருடம் வாதாடினால், அளப்பதற்கு அதில் ஒன்றும் மிஞ்சாது.