ஏப்ரல் 9: பட்டியலில் இல்லாத மலைநாடு

(இலங்கை மலையகத்து அட்டனில் வரலாறு படிக்கும் மாணவர்களுக்காக நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை. சற்றுச் சுருக்கி எழுதப்பட்டது.)

ஆசிரியர்களுக்கும் மாணவச் செல்வங்களுக்கும், மலையில் வேலை முடித்த கையோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கும் என் வணக்கம்.

'வரலாற்றில் இன்று' என்று பத்திரிகையில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி வரும். படித்திருப்பீர்கள். நான் இன்று ஒரே ஒரு தேதியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். சித்திரைப் புத்தாண்டுக்கு நான்கைந்து நாள் முந்தி வரும் ஏப்ரல் 9. போர் வரலாற்றில் இந்தத் தேதிக்கு ஒரு நீண்ட பட்டியலே உண்டு. அதில் நம் தீவுக்கு ஒரு வரி கிடைக்கும். இந்த மலைகளுக்கு ஒன்றும் கிடைக்காது. அது சரியல்ல என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பட்டியலில் பெரும்பகுதியைச் சீக்கிரமாகவே சொல்லிவிடலாம். 1917இல் பிரான்சில் விமி மலைமுகட்டின் மீது கனடாப் படையின் நான்கு பிரிவுகளும் முதல் முறையாக ஒன்றுசேர்ந்து ஏறின. ஆலங்கட்டியும் பனியும் கலந்து அடித்த காலை அது. நான்கு நாளில் 3,598 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அதே தேதியில் லீஸ் ஆற்றங்கரையில் போர்த்துக்கேயப் படை நொறுங்கியது. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் கன்னொருவையில் 1638இல் முறியடித்தானே, அதே போர்த்துக்கல்தான். 1940இல் ஜெர்மனி டென்மார்க்குக்குள்ளும் நோர்வேக்குள்ளும் புகுந்தது. டென்மார்க் சில மணி நேரத்தில் பணிந்தது. நோர்வேயில் மட்டும் ஒஸ்லோவுக்குப் போகும் குறுகிய கடல்வழியில் ஒரு பழைய கோட்டை இருந்தது. அங்கிருந்த பீரங்கிகள் ஐம்பது வருடப் பழசு, அதுவும் ஜெர்மனியில் வார்த்தவை. அவற்றை வைத்தே புத்தம் புதிய ஜெர்மன் போர்க்கப்பலான புளூகரை அடித்தார்கள். கரையிலிருந்து விட்ட டோர்பிடோக்கள் அதை மூழ்கடித்தன. அந்த இடைவெளியில் அரசரும் நாடாளுமன்றமும் தலைநகரைவிட்டுத் தப்பினார்கள். 2003இல் பக்தாத் விழுந்ததும், சதாமின் சிலையை இழுத்துச் சாய்த்ததும் இதே தேதிதான்.

தேதிக்கு ஏதோ தோஷம் இருக்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஐரோப்பாவில் பனி விட்டு, பாதை காய்ந்து, படைகள் நகரத் தொடங்கும் மாதம் ஏப்ரல். நம் பக்கத்தில் தென்மேற்குப் பருவம் தொடங்குமுன் கடல் அமைதியாகக் கிடக்கும் மாதம். இதில் நாள் நட்சத்திரத்துக்கு வேலையே இல்லை, பருவம்தான் காரணம்.

இனி மூன்று சம்பவங்களைச் சற்று நின்று பார்ப்போம். முதலாவது 1865, அமெரிக்க உள்நாட்டுப் போர், வெர்ஜீனியாவில் அப்பொமாட்டொக்ஸ் என்னும் சிற்றூர். தென்மாநிலப் படைத் தளபதி லீ அங்கே ஒரு வீட்டின் முன்னறையில் வடக்கின் தளபதி கிராண்டிடம் சரணடைந்தார். லீ நல்ல உடுப்பில் வந்தார். கிராண்டின் சப்பாத்தில் சேறு. இதைப் பாடநூல்களும் சொல்லும். என்னை நிறுத்தி வைப்பது வேறு ஒன்று. லீயின் ஆட்கள் நாட்கணக்கில் சரியாகச் சாப்பிடவில்லை. அவர்களுக்காக ரயிலில் வந்த உணவை முந்தின நாளே வடக்கின் குதிரைப்படை பிடித்துவிட்டது. சரணடைந்ததும் பேச்சு சோற்றுக்குத்தான் வந்தது. கிராண்ட் 25,000 பேருக்கு உணவு அனுப்பச் சம்மதித்தார். சொந்தக் குதிரை வைத்திருந்தவர்கள் அதை வீட்டுக்கே ஓட்டிப்போகட்டும், உழவுக்கு ஆகும் என்று விட்டுக்கொடுத்தார். நிபந்தனைகளை நல்ல பிரதியாக எழுதிக் கொடுத்தவர் ஈலி பார்க்கர், செனெக்கா பழங்குடியில் பிறந்த அதிகாரி. அந்தப் போரின் வேரில் இருந்தது தோட்டம்தான், பருத்தித் தோட்டம். அங்கே அடிமையாக உழைத்தவர்களின் விடுதலை அதே ஆண்டு டிசம்பரில் சட்டமானது. தோட்டத்தில் பிறந்த நாம் அந்த வரியைத் தாண்டிப் போகக்கூடாது.

அதே தேதி, 77 வருடம் கழித்து, 1942. பிலிப்பைன்சில் பட்டான் குடாநாட்டில் அமெரிக்கத் தளபதி எட்வர்ட் கிங் ஜப்பானியரிடம் சரணடைந்தார். அட்லாண்டாவில் பிறந்த தென்மாநிலக்காரர். போகும் வழியில் லீயை நினைத்துக்கொண்டார் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அவரை வீழ்த்தியதும் பசிதான். ஜனவரியிலேயே உணவுப் பங்கு பாதியானது, அப்புறம் இன்னும் குறைந்தது, கூடவே மலேரியா. ஏறத்தாழ 75,000 பேர், பெரும்பாலும் பிலிப்பினோக்கள், சிறைப்பட்டார்கள். அந்த நிலையிலேயே அவர்களை வெயிலில் நூறு கிலோமீட்டர் நடத்திப் போனார்கள். வழியிலேயே ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள்.

அதே 1942 ஏப்ரல் 9, அதே காலை, திருகோணமலை. ஜப்பானியக் கடற்படைத் தளபதி நாகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்கள் ஐந்து நம் கிழக்குக் கடலில் நின்றன. ஐந்துமே பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியவை. நான்கு நாள் முந்தி, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பையும் தாக்கியிருந்தன. எச்சரிக்கை கிடைத்ததால் பிரித்தானிய விமானந்தாங்கி ஹேர்மீஸ் முந்தின இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறியது. அதில் அன்று ஒரு விமானமும் இல்லை. விமானங்கள் கரையில் நிற்க, வெறும் தளத்தோடு தெற்கே போனது. மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய வேவு விமானம் கண்டுபிடித்தது. காவலுக்குப் போன விமானங்கள் வந்து சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தளத்தில் விழ, இருபது நிமிடம்போலத்தான் தாக்குப்பிடித்தது. 307 பேர் போனார்கள், கப்பல் தலைவர் ஒன்ஸ்லோவும் சேர்த்து. கூடவே வந்த ஆஸ்திரேலிய நாசகாரிப் போர்க்கப்பல் வெம்பயரும் மூழ்கியது. நீந்தியவர்களில் அறுநூறு பேர்வரை வீற்றா என்ற மருத்துவமனைக் கப்பல் ஏற்றிக்கொண்டது. ஹேர்மீஸ் இன்றும் அங்கேதான் கிடக்கிறது, ஐம்பது மீட்டர் ஆழத்தில்.

கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்து எழும்பிய ஒன்பது பிரித்தானிய பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் அன்றே அந்த ஜப்பானியக் கப்பற்படையைத் தேடிப் போய்த் தாக்கின. ஒரு குண்டும் கப்பலில் படவில்லை. ஐந்து விமானங்கள் திரும்பவில்லை. அந்த இளைஞர்களைப் பற்றி நம் பாடநூல்கள் இன்னும் கொஞ்சம் எழுதலாம் என்பது என் எண்ணம்.

சரி, இதில் மலையகம் எங்கே என்று கேட்பீர்கள். உலையில் இருக்கிறது. இந்தத் தீவு அன்று தனக்கு வேண்டிய அரிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்துதான் வாங்கியது, முக்கியமாக பர்மாவிலிருந்து. ரங்கூன் 1942 மார்ச்சில் விழுந்தது. ஒரு மாதத்தில் வங்கக் கடலில் சரக்குக் கப்பல் போக முடியாத நிலை. வயல் வைத்திருந்தவர் வயலைப் பார்த்தார். தோட்டத்து மக்களுக்கு ஏது வயல்? தோட்டம் தரும் அரிசியைத்தான் நம்பியிருந்தார்கள், அதன் விலையும் சம்பளத்தில் பிடித்தமாகிவிடும். அந்த ஆண்டே அரிசிக்குப் பங்கீடு வந்தது. அரிசியின் இடத்தில் கோதுமை மா வந்தது. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அடுப்பில் ரொட்டி நிரந்தரமாக ஏறியதற்கு அந்தப் போரும் ஒரு காரணம். மூன்று வேளையும் ரொட்டி என்று சலித்துக்கொள்கிறோமே, அதன் பின்னால் ரங்கூன் இருக்கிறது, நாகுமோ இருக்கிறார்.

ரப்பரையும் சொல்ல வேண்டும். மலாயா போனபின் நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் தந்த பெரிய இடம் இலங்கைதான். மரம் பிழைக்குமா என்று பாராமல் பால் வெட்டச் சொன்னார்கள். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் களுத்துறையிலும் கத்தி பிடித்தவர்களில் நம் ஆட்கள் நிறையப் பேர். லாரி டயரும் விமானச் சக்கரமும் அந்தப் பாலில் ஆனவை. மலாயாத் தோட்டங்களில் மாட்டிக்கொண்ட தமிழரை ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட மரண ரயில்பாதைக்கு ஓட்டிப்போனார்கள். நம்மைப் போலவே தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கப்பல் ஏறியவர்கள், பல்லாயிரம் பேர். இங்கே பிழைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? போர் முடிந்து மூன்றே வருடத்தில், 1948இல், குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. இதைச் சொல்லும்போது இன்றும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

லீயின் ரயிலும், கிங்கின் அரைப் பங்கும், நம் பங்கீட்டு அரிசியும் ஒரே கதைதான். ஆனால் முதல் இரண்டைப் பற்றி நூலகம் நிறையப் புத்தகம் இருக்கிறது. மூன்றாவதைப் பற்றி நம் வீடுகளில் பேச்சு மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது, அதுவும் குறைந்துகொண்டே போகிறது.

அதனால் மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். இந்த விடுமுறையில் உங்கள் அப்பாயி, அம்மாயி, தாத்தா யாராவது இருந்தால் உட்காரவைத்துக் கேளுங்கள். அவர்களுடைய பெற்றோர் யுத்த காலத்தில் எந்தத் தோட்டத்தில், எந்த டிவிஷனில் இருந்தார்கள்? கிழமைக்கு எவ்வளவு அரிசி கொடுத்தார்கள்? மாவை எப்படிச் சமைத்தார்கள்? கிழங்கும் கீரையும் எங்கே பறித்தார்கள்? யாராவது இந்தியாவுக்குத் திரும்பிப் போனார்களா? சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். சொன்னவர் பெயர், தோட்டம், தேதி மூன்றையும் மேலே குறித்து, பள்ளி தொடங்கும் முதல் வாரம் உங்கள் வரலாற்று ஆசிரியரிடம் கொடுங்கள். அவர்கள் சேர்த்து வைப்பதாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.