பெரிய கம்பெனி வேலை: சேரும் முன் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

[காட்சி: விடியற்காலை, கம்பெனி பஸ்ஸுக்காகச் சாலையோரம் நிற்கும் கூட்டம்]

வணக்கம். ஐடிஐ, டிப்ளமோ முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலைக்குப் போக நினைக்கிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இந்த வீடியோ.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு போன், ஃபிரிட்ஜ், டயர், கண்ணாடி என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் வந்தன. இந்த வேலைக்கு ஊரில் இருக்கும் மதிப்பு நியாயமானதுதான். சம்பளம் சொன்ன தேதியில் வங்கிக் கணக்கில் ஏறிவிடும். பஸ், கேண்டீன் சாப்பாடு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு. சின்னப் பட்டறைகளில் பல வருடம் உழைத்தும் பி.எஃப். கணக்கே இல்லாதவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.

சரி, முதல் கேள்வி: நீங்கள் யார் ரோலில் சேரப்போகிறீர்கள், அதாவது கம்பெனியின் நேரடி ஆளாகவா, கான்ட்ராக்டரின் ஆளாகவா, பயிற்சியாளராகவா?

[காட்சி: ஒரே நிற யூனிஃபார்மில் லைனில் நிற்கும் மூன்று பேர்]

ஒரே லைன், ஒரே வேலை. ஆனால் ஒருவர் பர்மனென்ட், அடுத்தவர் கான்ட்ராக்ட், மூன்றாமவர் அப்ரண்டீஸ். மூன்று பேருடைய பே ஸ்லிப்பும் மூன்று விதமாக இருக்கும். 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்ரண்டீஸ் என்பவர் பயிற்சி பெறுகிறவர், தொழிலாளி அல்ல. கைக்கு வருவது உதவித்தொகை. பயிற்சி முடிந்ததும் வேலை தருவதாக ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் தவிர, கம்பெனி உங்களை எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் கிடையாது. "ஒரு வருஷத்துல பர்மனென்ட் ஆக்கிடுவாங்க தம்பி" என்று ஏஜென்ட் வாயால் சொன்னால் போதாது, ஆஃபர் லெட்டரில் இருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: எந்த டிபார்ட்மென்ட்? இதைத்தான் பலரும் கேட்பதில்லை.

அசெம்பிளி லைனில் நிமிடத்துக்கு ஒரு பொருள் வருகிறது என்று வையுங்கள். டீ, சாப்பாடு போக ஏழு மணி நேரம் லைன் ஓடினால் 420 தடவை அதே நான்கு ஸ்க்ரூவை அதே இடத்தில் முடுக்க வேண்டும். பாத்ரூம் போகக்கூட ரிலீவர் வந்து உங்கள் இடத்தில் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். தோளும் இடுப்பும் முதலில் வலிக்கும். அப்புறம் வாராவாரம் மாறும் ஷிப்ட் தூக்கத்தைக் கெடுக்கும். இப்படி ஐந்து வருடம் உழைத்தவருக்கு அந்த ஒரு ஸ்டேஷன் வேலைதான் நன்றாகத் தெரிந்திருக்கும். மெயின்டனன்ஸிலோ, அச்சும் கருவிகளும் செய்யும் டூல் ரூமிலோ இருந்தவர் அதே ஐந்து வருடத்தில் மெஷினைப் பிரித்துச் சரிசெய்யவும், மெஷினை இயக்கும் பி.எல்.சி. என்ற கன்ட்ரோலரைப் பார்க்கவும் கற்றிருப்பார். அந்தத் தொழிலுக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு.

இது ஏன் முக்கியம்? 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை, வரி வழக்குகளில் சிக்கி, 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர் வேலையை இழந்தார்கள். அவர்களில் பலர் இளம் பெண்கள், பிளஸ் டூ முடித்த கையோடு லைனுக்கு வந்தவர்கள். உலகப் பெயர் பெற்ற கம்பெனிக்கே எட்டு வருடத்தில் அந்த நிலை.

உள்ளே உங்கள் குரலுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பதும் நீங்கள் யார் ரோலில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2024-ல் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 ஜனவரியில் அந்தச் சங்கம் பதிவானது. கான்ட்ராக்டில் இருப்பவர் அவ்வளவு நாள் வெளியே நிற்பது மிகக் கடினம், அவர் இடத்துக்கு மறுநாளே வேறு ஆள் வந்துவிடலாம்.

என்னைக் கேட்டால், இருபது வயதில் இந்த வேலைக்குத் தாராளமாகப் போகலாம். அசெம்பிளி லைன்தான் கிடைத்தது என்றாலும் சேருங்கள், ஆனால் முதல் வருடத்துக்குள் மெயின்டனன்ஸ் அல்லது குவாலிட்டிக்கு மாற்றம் கேட்கத் தொடங்குங்கள்.

[திரையில்: ஒரு பே ஸ்லிப்]

மாதாமாதம் பே ஸ்லிப்பை வாங்கிப் பாருங்கள். சட்டப்படி ஓ.டி.க்கு, அதாவது ஓவர்டைமுக்கு, இரட்டிப்புச் சம்பளம், அது வந்திருக்கிறதா? பிடித்த பி.எஃப்., உங்கள் யூ.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கணக்கில் ஏறியிருக்கிறதா? கான்ட்ராக்டர் மாறினாலும் பழைய யூ.ஏ.என். எண்ணையே கொடுங்கள், அதில் உங்கள் சொந்த போன் நம்பர்தான் இருக்க வேண்டும்.