ஒரே ஒரு எம்.பி. இருந்த கட்சி

நேயர்களுக்கு வணக்கம். கேள்வி நேரம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். உறுப்பினர் கேட்பார், அமைச்சர் எழுந்து பதில் சொல்வார், மறுநாள் பேப்பரில் வரும். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் ஒரு கட்சி பெரும்பாலும் இந்தக் கேள்வி நேரத்தை நம்பியே 13 வருடம் போராடியது. அதன் பெயர் முற்போக்குக் கட்சி.

அந்த நாட்டில் எதிர்க்கட்சியாக இருந்தது ஐக்கியக் கட்சி. கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய பகுதிகளுக்கு மேற்கொண்டு நிலம் வாங்கக் கூடாது என்று 1959ல் அதன் மாநாடு தீர்மானம் போட்டது. அதைப் பொறுக்காமல் பத்துக்கும் மேற்பட்ட எம்.பி.க்கள் வெளியேறி, அந்த நவம்பரிலேயே தனிக்கட்சி தொடங்கினார்கள். 1961ல் தேர்தல். வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். கறுப்பர்களுக்கு வோட்டே கிடையாது. நேயர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வெளியேறியவர்களில் ஹெலன் சுஸ்மன் என்ற பெண்மணி மட்டும்தான் ஜெயித்தார், ஜோகன்னஸ்பர்க்கின் ஹவுட்டன் தொகுதியில். 150க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உள்ள சபையில் கட்சிக்கு அவர் ஒருவர்தான்.

விசாரணையில்லாமல், வக்கீலைப் பார்க்க விடாமல் ஒருவரை 90 நாள் அடைத்து வைக்கலாம் என்று 1963ல் சட்டம் வந்தது. ஐக்கியக் கட்சியும் அதை ஆதரித்தது. எதிர்த்து வாக்களித்தவர் சுஸ்மன் ஒருவரே.

சரி, ஒரு வோட்டால் சட்டம் நிற்காது. அப்புறம் என்ன பயன்? இங்கேதான் கேள்வி நேரம் வருகிறது. சிறை நிலவரத்தைப் பத்திரிகைகள் எழுதினால் வழக்குப் பாயும். ஆனால் சபையில் அமைச்சர் சொன்ன பதிலை அச்சிடத் தடையில்லை. அதனால் சுஸ்மன் கேட்டுக்கொண்டே இருந்தார். கறுப்பர்கள் எப்போதும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற பாஸ் சட்டத்தில் எத்தனை பேரைப் பிடித்தீர்கள்? எத்தனை பேருக்குக் கசையடி? எத்தனை பேருக்குத் தூக்கு? 'உங்கள் கேள்விகளால் வெளிநாட்டில் நமக்குத் தலைகுனிவு' என்று ஓர் அமைச்சர் சாடியபோது, 'தலைகுனிவு என் கேள்விகளால் இல்லை, உங்கள் பதில்களால்' என்றார்.

எனக்கு மிகவும் பிடித்தது 1967ல் அவர் ராபன் தீவுச் சிறைக்குப் போனது. முதல் அறையில் இருந்த கைதி எடி டேனியல்ஸிடம் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறார். அவர், 'நீங்கள் யாரென்று தெரியும், எங்களிடம் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள், கடைசி அறையில் மண்டேலா இருக்கிறார், அவர்தான் எங்கள் தலைவர், அவரிடம் போங்கள்' என்கிறார். பார்க்க வந்தது நாட்டின் எம்.பி. முதலில் யாரிடம் பேச வேண்டும் என்று அவருக்கு வழி சொன்னவர் ஒரு கைதி! மண்டேலா கைதிகளின் குறைகளைச் சொல்கிறார். கையில் நாஜிகளின் ஸ்வஸ்திகா சின்னத்தைப் பச்சை குத்திய ஒரு வார்டர் படுத்தும் பாட்டையும் சொல்கிறார். சுஸ்மன் அதை மேலிடத்துக்குக் கொண்டுபோனார். கொஞ்ச நாளில் அந்த வார்டர் தீவைவிட்டே மாற்றப்பட்டார். ஒரே ஓர் எம்.பி. என்றாலும், அவர் சபையில் வாய் திறப்பார் என்ற பயம் அதிகாரிகளுக்கு இருந்தது.

கட்சியின் குறையையும் பூசி மெழுகக் கூடாது. எல்லோருக்கும் வோட்டு என்று அது அப்போது கேட்கவில்லை. படிப்போ சொத்தோ வருமானமோ இருக்க வேண்டும் என்றது. படிக்கவும் சம்பாதிக்கவும் விடாத நாட்டில் அப்படிச் சொன்னது பெரிய தவறு என்பதே என் கருத்து. 1968ல் பல இனத்தவர் ஒரே கட்சியில் இருக்கத் தடை வந்தது. லிபரல் கட்சி அதற்கு உடன்பட மறுத்துத் தன்னையே கலைத்துக்கொண்டது. முற்போக்குக் கட்சி, வெள்ளையரல்லாத உறுப்பினர்களை விட்டுவிட்டுத் தொடர்ந்தது. சபையில் அந்த ஒரு குரலாவது இருக்கட்டும் என்ற கணக்கு. அந்த உறுப்பினர்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும்!

நேரம் முடியப்போகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1974 தேர்தலில் கட்சித் தலைவர் காலின் எக்லின் உட்பட இன்னும் சிலர் ஜெயித்து வந்தார்கள். 1977ல் முற்போக்குக் கூட்டாட்சிக் கட்சி என்ற பெயரில் அதுவே பிரதான எதிர்க்கட்சி ஆனது. அடுத்த வருடம் வோட்டுக்கான தகுதி நிபந்தனையையும் கைவிட்டது. சுஸ்மன் 1989 வரை எம்.பி.யாக இருந்தார். அந்த வருடமே கட்சி வேறு இரண்டு அமைப்புகளோடு இணைந்து, ஜனநாயகக் கட்சி என்ற புதுக் கட்சியானது. வணக்கம்.