ரிசல்ட் நாளில் பிள்ளையிடம் என்ன பேசுவது?

திரையில்: செல்போனில் திறந்திருக்கும் தேர்வு முடிவுப் பக்கம். கீழே 14416 என்ற எண், வீடியோ முடியும்வரை.

குரல்:

வணக்கம். பிளஸ் டூ முடிவு வெளியாகும் காலையில் தமிழ்நாட்டு வீடுகளில் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் போட்டுப் பிள்ளை பார்த்து முடிப்பதற்குள் பெரியப்பா போன் பண்ணிவிடுவார். "எவ்வளவுப்பா?" அடுத்து அத்தை. அதற்கடுத்து டியூஷன் சார். அந்தச் சில மணி நேரத்தில் ஒரு பிள்ளையின் பக்கத்தில் யார் இருக்கிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்பதுதான் இன்றைய விஷயம்.

மனம் தாங்க முடியாத நிலையில் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், வீடியோவை நிறுத்திவிட்டு முதலில் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

2022-இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். அவர்களில் 13,044 பேர் மாணவர்கள். சராசரியாக ஒரு நாளைக்கு 35 பேருக்கும் மேல். "மார்க் குறைந்ததால்", "அப்பா திட்டியதால்" என்று செய்தியில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அப்படி ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. யாரும் கவனிக்காத மனச்சோர்வு பல மாதமாக இருந்திருக்கலாம். ஹாஸ்டலில் சாதியைச் சொல்லி அவமானப்படுத்தியிருக்கலாம். வெளியே சொல்ல முடியாத பாலியல் தொல்லை, வீட்டில் ஓயாத சண்டை, கடன். மார்க் கடைசியாக வந்து சேர்ந்ததாக இருக்கும்.

ஆனாலும் அந்தக் கடைசி அடியின் வேகத்தைக் குறைக்க முடியும். தமிழ்நாட்டிலேயே அதைச் செய்திருக்கிறோம்.

திரையில்: துணைத்தேர்வு எழுதும் மாணவிகள்.

முன்பெல்லாம் மார்ச்சில் ஒரு பாடத்தில் தவறினால் அந்த ஆண்டே போய்விடும். கூடப் படித்தவர்கள் கல்லூரிக்குப் போவார்கள், இவர் மட்டும் வீட்டில் இருப்பார். மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய 'ஸ்நேகா' தற்கொலைத் தடுப்பு மையம் இதை அரசிடம் எடுத்துச் சொன்னது. 2000-களின் தொடக்கத்தில் துணைத்தேர்வு வந்தது. தவறிய பாடத்தைச் சில வாரங்களிலேயே எழுதி, அதே ஆண்டு கல்லூரியில் சேரலாம். 2017-இல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தையும் அரசு கைவிட்டது.

இந்த மாற்றங்கள் எதுவும் பிள்ளைகளைப் பார்த்து "தைரியமா இரு" என்று சொல்லவில்லை. தோற்ற பிறகும் போக ஒரு வழி இருக்கும்படி ஏற்பாட்டையே மாற்றின. வீட்டிலும் செய்ய வேண்டியது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

எப்படி? முடிவு வருவதற்கு முந்தைய வாரமே பேசிவிடுங்கள். "எது வந்தாலும் சரி கண்ணு, அன்னைக்கு மத்தியானம் நாம எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம். அப்புறம் என்ன பண்றதுன்னு யோசிப்போம்." துணைத்தேர்வு, மறுகூட்டல், பாலிடெக்னிக், ஐடிஐ என்று வழிகளை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அன்று யாராவது ஒருவர் லீவு போட்டு வீட்டில் இருங்கள். பெரியப்பாவின் போனை நீங்கள் எடுங்கள், "சாயங்காலம் நாங்களே கூப்பிடுறோம்" என்று சொல்லி வையுங்கள். பக்கத்து வீட்டுப் பையனின் மார்க்கை அன்று பேசவே வேண்டாம்.

இன்னொன்றும் முக்கியம். இளம் வயதில் தற்கொலை எண்ணம் பல நேரம் சட்டென்று பொங்கி, சில மணி நேரத்தில் தணிந்துவிடும். முயன்று உயிர் பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. அதனால் வீட்டில் இருக்கும் மாத்திரைகள், வயலுக்கு வாங்கிய ரசாயனங்கள் எல்லாவற்றையும் பூட்டி, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் மிக நச்சான விவசாய ரசாயனங்களைப் படிப்படியாகத் தடை செய்தார்கள். 1995-இல் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக அதிகமாக இருந்த நாடுகளில் ஒன்று இலங்கை. பிறகு அந்த விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது.

திரையில்: வகுப்பறையில் வட்டமாக உட்கார்ந்து பேசும் மாணவர்கள்.

பள்ளிக்கு வருவோம். ஐரோப்பாவின் 10 நாடுகளில், 168 பள்ளிகளில், 11,000-க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. சில பள்ளிகளில் ஆசிரியர்களுக்கு அறிகுறிகளைக் கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். சிலவற்றில் கேள்வித்தாள் கொடுத்து, ஆபத்தில் இருப்பவர்களைப் பிரித்தெடுத்தார்கள். வேறு சில பள்ளிகளில் மாணவர்களையே மனநலத்தைப் பற்றிப் பேசவும் நடித்துப் பார்க்கவும் வைத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, மாணவர்களே பேசிய பள்ளிகளில் மட்டும்தான் தற்கொலை முயற்சிகள் தெளிவாகக் குறைந்திருந்தன, ஏறத்தாழ பாதியாக. அதற்கு ஆன நேரம் நான்கு வாரத்தில் மொத்தம் ஐந்து மணி நேரம்.

ஐந்தே மணி நேரம்! விளையாட்டு பீரியடைக்கூடக் கணக்கு சாருக்குக் கொடுத்துவிடும் பள்ளிகளிடம் இதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். கேட்க உரிமையும் இருக்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கு 15 வழிகாட்டுதல்களைத் தந்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் இருந்தால் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். மார்க்கை வைத்துப் பிள்ளைகளைத் தனித்தனி பேட்ச்சாகப் பிரிப்பதையும் எல்லோர் முன்னால் அவமானப்படுத்துவதையும் தவிர்க்க வேண்டும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் "நம்ம ஸ்கூல்ல கவுன்சிலர் யாரு, என்னைக்கு வருவாங்க?" என்று கேளுங்கள்.

இப்போது நண்பர்களுக்கு. பிள்ளைகள் முதலில் மனம் திறப்பது பெரும்பாலும் உங்களிடம்தான். "நான் இல்லன்னா எல்லாருக்கும் நிம்மதி" என்று ஒருவன் சொன்னால், ஆசையாக வைத்திருந்த பொருளைத் திடீரென்று எடுத்துக் கொடுத்தால், குரூப்பிலிருந்து விலகித் தூக்கமில்லாமல் அலைந்தால், "சும்மா சீன் போடுறான்" என்று விட்டுவிடாதீர்கள். நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாடா?" அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது, இதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பதில் ஆமாம் என்றால் புத்தி சொல்ல வேண்டாம். கேளுங்கள், தனியே விடாதீர்கள், நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். "யார்கிட்டயும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்கியிருந்தாலும் சொல்லுங்கள். அவன் கோபித்துக்கொள்ளட்டும், பரவாயில்லை.

ஒரு பிள்ளை தற்கொலைக்கு முயன்றுவிட்டால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மறைக்கும் குடும்பங்கள் உண்டு. மறைக்காதீர்கள். 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. தற்கொலை முயற்சிக்குத் தண்டனை விதித்த, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டத்தில் இடம்பெறவில்லை.

ஊருக்கும் ஒரு வேண்டுகோள். இறந்த பிள்ளையின் கடிதத்தையும் படத்தையும் வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். அதே நிலையில் இருக்கும் இன்னொரு பிள்ளையின் கையில் அது போய்ச் சேரும்.

திரையில்: 14416. ஸ்நேகா 044-24640050. குழந்தைகள் உதவி எண் 1098. இலங்கையில் 1926.

14416-க்கு அழைத்தால் என்ன ஆகும் என்று தயங்குபவர்களுக்காக: அது அரசின் டெலி மானஸ் சேவை, 24 மணி நேரமும் இலவசம். தமிழிலேயே பேசலாம். பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார், அல்லது உங்கள் பகுதியில் எங்கே போய்ச் சிகிச்சை பெறலாம் என்று சொல்வார். பிள்ளைக்காகப் பெற்றோரும் அழைக்கலாம், நண்பனுக்காக நீங்களும் அழைக்கலாம். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், "எனக்குப் பேச ஒரு ஆள் வேணும்" என்று மட்டும் சொல்லுங்கள்.