அடி வாங்கினாதான் விசுவாசம் வளருமா? ஒரு தங்கச்சியின் கேள்வி

அடுத்த கேள்வி ஒரு தங்கச்சி குரல் பதிவா அனுப்பினது. நம்ம சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம்தான். சுருக்கமா சொல்றேன். "ஞானஸ்நானம் எடுத்து எட்டு மாசம் ஆச்சு பாஸ்டர். அப்பா என்கூடப் பேசறதில்ல. காலையில எல்லாரையும் பசியாறக் கூப்பிடுவாரு, என்னை மட்டும் விட்டுடுவாரு. அண்ணன் பைபிளைக் கிழிச்சிட்டாரு, ஒருநாள் கை நீட்டியும் அடிச்சிட்டாரு. உபத்திரவம் வந்தாதான் வளருவே, சந்தோஷப்படுன்னு சபையில சொல்றாங்க. எனக்குக் கோபம்தான் வளருது. என் விசுவாசம் பொய்யா?"

பொய் இல்லம்மா. முதல்ல அதைச் சொல்லிடுறேன்.

உபத்திரவம் வந்தா வளர்ச்சி தானா வந்துடும்னு வேதம் சொல்லல. மாற்கு 4-ல கற்பாறை நிலத்து விதையைப் பாருங்க. வெயில் ஏறினதும் தீஞ்சுபோச்சு. வேர் இல்ல, அதனாலதான். உபத்திரவம் வந்த உடனே இடறிப்போறவங்க அதுதான்னு இயேசுவே விளக்கம் சொல்றாரு. ஆதிசபையிலயும் இதைப் பார்க்கலாம். பேதுரு தன் முதல் நிருபத்தை எந்தெந்த நாட்டு விசுவாசிகளுக்கு எழுதினாரோ, அதுல ஒண்ணு பித்தினியா, இப்போ துருக்கியில இருக்கு. கி.பி. 112 வாக்கில அங்க ஆளுநரா இருந்த பிளினி, ரோமச் சக்கரவர்த்தி டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினாரு. நீ கிறிஸ்தவனான்னு மூணு தரம் கேட்டு, கடைசிவரைக்கும் ஆமான்னு நின்னவங்களைக் கொல்லச் சொன்னேங்கிறாரு. அதே கடிதத்துல, சிலைக்கு முன்னால தூபம் காட்டி கிறிஸ்துவை மறுதலிச்சவங்களும் இருக்காங்க. ஒரே ஊர், ஒரே துன்பம். சபையில ஊழியம் செஞ்ச ரெண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை பண்ணி விசாரிச்சதையும் எழுதறாரு. அவங்க பேரைக்கூட எழுதல. அந்த ரெண்டு பேரை நான் அடிக்கடி நினைச்சுக்குவேன்.

அப்போ வளர்ச்சி எங்கிருந்து வருது? ரோமர் 5-ல உபத்திரவம் பொறுமையை, பொறுமை பரீட்சையை, பரீட்சை நம்பிக்கையை உண்டாக்குதுன்னு பவுல் சொல்றாரு. இந்தப் பரீட்சை, பள்ளிக்கூடத்துல எழுதற பரீட்சை இல்ல. பொன்னை உரசிப் பார்த்து, நல்ல பொன்னுதான்னு தேறுறது. இதுக்கெல்லாம் அடியில என்ன இருக்குன்னு 5-ம் வசனம் சொல்லுது: தேவ அன்பு நம்ம இருதயத்துல ஊற்றப்பட்டிருக்கு. உங்களை வளர்க்கறது அந்த அன்புதாம்மா, அண்ணனோட கை இல்ல. எட்டு மாசம் ரொம்பக் கொஞ்ச நாள். கோபம் வந்தா அதையும் ஜெபத்துல கொட்டுங்க. "கர்த்தாவே, எதுவரைக்கும்"னு தாவீது 13-ம் சங்கீதத்துல கேட்டது ஜெபம்தானே?

இப்ப அந்த அடி. இதை நான் லேசா விடமாட்டேன். எங்க அம்மா பால்மரம் வெட்டினவங்க, அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவங்க. விடியறதுக்கு முன்னாடி நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டுப் போவாங்க, பின்னாடி நான் பால் பிடிக்கிற மங்கைத் துடைச்சுக்கிட்டே போவேன். பட்டையை மெல்லிசா சீவினா பால் இறங்கும், சீவின இடத்துல புதுப்பட்டையும் வளரும். கத்தி ஆழமா இறங்கிட்டா மரம் காயப்பட்டுடும். அந்த இடம் முண்டு முண்டா ஆயிடும், மறுபடி அங்க வெட்டவே முடியாது. ஆழமா வெட்டினா பால் கூடும்னு தோட்டத்துல யாரும் சொன்னதில்ல. சபையில மட்டும் ஏன் சொல்றோம்?

பவுல் தமஸ்குல கூடையில இறங்கித் தப்பிச்சாரு. பிலிப்பியில அடிச்சு சிறையில போட்ட அதிகாரிங்க, மறுநாள் ரகசியமா அனுப்பப் பார்த்தாங்க. நாங்க ரோமர், விசாரிக்காம அடிச்சீங்க, நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டாரு. அதனால அண்ணன் மறுபடி கை ஓங்கினா அங்க நிக்காதீங்க. சபைக்கு அடுத்த வீட்டு அக்காகிட்ட பேசிட்டேன், ராத்திரி எந்நேரமும் கதவைத் தட்டலாம். தேவைப்பட்டா போலீஸ்ல புகார் கொடுக்கவும் கூட வருவோம். அதுக்காக உங்களை விசுவாசம் இல்லாதவன்னு ஒருத்தரும் சொல்லக்கூடாது.

அப்பா விஷயம் வேற. அவர் நமக்கு எதிரி இல்ல. மகள் கையைவிட்டுப் போயிட்டாளோன்னு பயப்படற ஒரு மனுஷன். சாமி மேடையைப் பத்தி நீங்க ஏதாவது கடுமையா பேசியிருந்தா, அதுக்கு மன்னிப்புக் கேளுங்க. அந்நிய காரியங்கள்ல தலையிட்டுப் பாடுபடாதீங்கன்னு 1 பேதுரு 4:15 சொல்லுதே, அந்தப் பாடு நமக்கு வேண்டாம். நாளைக்குக் காலையில ஒரு கோப்பி கலக்கி அவர் முன்னால வச்சிட்டு, "அப்பா, பசியாறுங்க"ன்னு நீங்க கூப்பிடுங்க. பதில் வராம இருக்கலாம். மறுநாளும் கூப்பிடுங்க.

கிழிஞ்ச பைபிளை நினைச்சு அழாதீங்க. உங்களுக்கு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன், சனிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு வரும்போது வாங்கிக்கோங்க.