ஹைலேண்டின் அக்கம்பக்கம்

வணக்கம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், மேற்கு எல்லையை ஒட்டி, அப்பலாச்சியன் மலைகளுக்குள் ஹைலேண்ட் என்றொரு கவுண்டி இருக்கிறது. கவுண்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம். ஆனால் ஆள் கணக்கைப் பார்த்தால் அப்படிச் சொல்ல நாக்கு கூசும்: 2020 கணக்கெடுப்பில் மொத்தமே 2,232 பேர். தலைமையூர் மான்டெரி.

இந்த ஊரைப் புரிந்துகொள்ள மலை எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்தாலே போதும். முகடுகள் வரிசை வரிசையாக வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடுகின்றன. பள்ளத்தாக்கோடு போனால் பயணம் சுலபம். குறுக்கே போனால் ஏறி இறங்கி ஏற வேண்டும். அக்கம்பக்கத்து உறவும் அப்படித்தான்.

வடக்கே பெண்டில்டன் கவுண்டி, தெற்கே பாத் கவுண்டி. இந்த இரண்டிலிருந்தும் நிலத்தை வெட்டியெடுத்துத்தான் 1847-ல் ஹைலேண்டை உண்டாக்கினார்கள். பதினாறே வருஷம்; 1863-ல், உள்நாட்டுப் போரின் நடுவே, மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமானபோது பெண்டில்டன் அந்தப் பக்கம் போய்விட்டது. தாய்வீடு வேறு மாநிலமாகிவிட்டது!

தண்ணீர் மட்டும் இந்த எல்லைக் கோட்டைப் பார்ப்பதில்லை. ஹைடவுன் என்ற இடத்தில் ஒரு களஞ்சியம் உண்டு. அதன் கூரையில் ஒரு பக்கம் விழும் மழை வடக்கே பொட்டோமாக் ஆற்றுக்கும், மறுபக்கம் விழுவது தெற்கே ஜேம்ஸ் ஆற்றுக்கும் போகும் என்பார்கள் ஊர்க்காரர்கள்.

பாத் கவுண்டி வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போனது. 1818-ல் முன்னாள் அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெபர்சனே வந்து குளித்துவிட்டுப் போனார். எனக்கென்னவோ அங்குள்ள நீர்மின் நிலையம்தான் பெரிய அதிசயம். மின்சாரம் மிஞ்சும்போது கீழ் ஏரித் தண்ணீரை மேல் ஏரிக்கு ஏற்றிவைப்பார்கள். தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். 1985 முதல் ஓடுகிறது, சுமார் 3,000 மெகாவாட்.

மேற்கே, முகடு தாண்டினால், போகஹோன்டஸ். அங்கே கிரீன் பேங்கில், விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கேட்கும் 100 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. இந்தத் தொலைநோக்கி வருவதற்கு முன்பே, அங்குள்ள ஆய்வகத்துக்காக 1958-லேயே சுமார் 13,000 சதுர மைலை ரேடியோ அமைதி மண்டலமாக அறிவித்துவிட்டார்கள், ஹைலேண்டும் அதற்குள்தான். தொலைநோக்கிக்கு அருகே டீசல் வண்டிதான் போகலாம். பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக் பொறிகூட அதன் காதில் விழுந்துவிடும்.

கிழக்கே அகஸ்டா. ஷெனன்டோவா பள்ளத்தாக்கின் சமவெளி, ஸ்டான்டன் நகரம், பெரிய கடைகள். ஹைலேண்டில் ஆஸ்பத்திரி கிடையாது. பெரிய வைத்தியம் என்றால் 250 நெடுஞ்சாலையில் கொண்டைஊசி வளைவுகளைச் சுற்றிக்கொண்டு மலைமேல் மலையாகத் தாண்ட வேண்டும். மார்ச் மாதம் மட்டும் கூட்டம் எதிர்த்திசையில் வரும். இரவில் உறைந்து பகலில் இளகும் அந்தப் பருவத்தில்தான் மேப்பிள் மரத்தில் சாறு இறங்கும். அதைக் காய்ச்சும் கொட்டகைகளைப் பார்க்கவும், பாகு வாங்கவும், மேப்பிள் டோனட்டுக்கு வரிசையில் நிற்கவும் சமவெளிக்காரர்கள் அதே வளைவுகளில் ஏறி வருகிறார்கள்.