விடை சரி, மதிப்பெண் பூஜ்யம்

(கல்லூரிக் கணித மன்றத் தொடக்க விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பேராசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

'கணிதத்தின் அழகு' பற்றிப் பேசும்படி கேட்டிருந்தார்கள். அதைப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசப்போகிறேன். மணி அடித்து வெளியே வந்ததும் நீங்கள் பேசிக்கொள்வது அதைத்தானே? "அவர் நன்றாக நடத்துவார், ஆனால் கை இறுக்கம்." "இவர் நடத்துவது ஒன்றும் புரியாது, ஆனால் அள்ளிப் போடுவார்." எந்தக் கணிதத் துறைக்குப் போனாலும் இந்த இரண்டு வாக்கியங்களும் காதில் விழும்.

எனக்கும் கை இறுக்கமான ஒருவர் வாய்த்தார். நுண்கணிதம் நடத்தினார். கையில் குறிப்பு இருக்காது, ஒரே ஒரு சாக்பீஸ் இருக்கும். வலக்கையால் எழுதிக்கொண்டே இடக்கையால் அழிப்பார். நாங்கள் நகலெடுத்து முடிப்பதற்குள் பலகை காலியாகியிருக்கும். சில நாட்களில் நிரூபணத்தின் நடுவே நின்றுவிடுவார். முகம் பலகையைப் பார்த்திருக்கும், முதுகு எங்களைப் பார்த்திருக்கும், ஒரு நிமிடம் பேச்சே இருக்காது. மறந்துவிட்டார் என்று பின்வரிசையில் சிரிப்போம். அவர் அங்கேயே, எங்கள் கண்முன்னால் யோசித்துக்கொண்டிருந்தார் என்பது நானே வகுப்பெடுக்கப் போன பிறகுதான் புரிந்தது. அந்த ஒரு நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் எங்களில் பாதிப் பேர் பிழைத்திருப்போம். அவர் சொன்னதில்லை.

முதல் உள்தேர்வு. கேள்வி இதுதான்: எக்ஸ் பூஜ்யத்தை நெருங்கும்போது, சைன் எக்ஸை எக்ஸால் வகுத்தால் கிடைக்கும் எல்லை 1 எனக் காட்டுக. 5 மதிப்பெண். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. லோபிதாலின் விதி, அதாவது மேலேயும் கீழேயும் தனித்தனியாக வகையிட்டு எல்லையைக் காணும் வழி, தெரிந்தவனுக்கு இது இரண்டு வரி. மேலே வகையிட்டால் கொசைன் எக்ஸ், கீழே வகையிட்டால் 1. எக்ஸுக்குப் பூஜ்யம் போட்டால் விடை 1. அடிக்கோடிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

விடைத்தாள் திரும்பி வந்தது. அந்தக் கேள்விக்குப் பூஜ்யம். கொசைன் எக்ஸுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல்: "எப்படி?"

பக்கத்து இருக்கைக்காரன் வட்டம் வரைந்து, முக்கோணங்களின் பரப்பை ஒப்பிட்டு, முக்கால் பக்கத்துக்கு எழுதியிருந்தான். நடுவே ஓர் இடத்தில் சமனின்மைக் குறியைத் திருப்பிப் போட்டுவிட்டான். அவனுக்கு 4. தப்பாகச் செய்தவனுக்கு நாலு, சரியாகச் செய்தவனுக்குச் சுழி! வயிறு எரிந்தது. தாளை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

"சைனின் வகைக்கெழு கொசைன் என்று உனக்கு யார் சொன்னது?"

"நீங்கள்தான் சார், போன மாதம்."

"அதை நான் எப்படி நிறுவினேன்?"

நோட்டைப் புரட்டினேன். மூன்றாவது வரியிலேயே இருந்தது. சைன் எச்சை எச்சால் வகுத்தால் கிடைக்கும் எல்லை 1 (எக்ஸுக்குப் பதில் எச் என்ற எழுத்து, அவ்வளவுதான்) என்று எடுத்துக்கொண்டுதான் அந்த வகைக்கெழுவையே அவர் கண்டுபிடித்திருந்தார். எதை நிறுவ வேண்டுமோ, அதைக் கடன் வாங்கி அதையே நிறுவியிருக்கிறேன்.

"சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாய். இப்போது வெளியே நின்றுகொண்டு, சாவியால் கதவைத் திறந்தேன் என்கிறாய்" என்றார். மதிப்பெண் மாறவில்லை. ஆனால் சுற்றுவாதம் என்றால் என்ன என்பதை நான் அதன் பிறகு ஒரு நாளும் மறக்கவில்லை.

கணிதத்தின்படி அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. ஆசிரியராக அவர் செய்ததில் எனக்கு இன்றும் சண்டை உண்டு. அன்று என்னைப் போலவே இரண்டு வரி எழுதிப் பூஜ்யம் வாங்கியவர்கள் வகுப்பில் இன்னும் பலர். அவர்கள் யாரும் அந்த அறைக்குப் போகவில்லை. அவர்களுக்குக் கிடைத்த பாடம், 'இவர் மார்க் போடமாட்டார்' என்பது மட்டும்தான். 'காண்க' என்று கேட்டால் விடை போதும், 'காட்டுக' என்று கேட்டால் எதன் மேல் நிற்கிறாய் என்றும் சொல்ல வேண்டும். இதைத் தேர்வுக்கு முன்னால் ஐந்து நிமிடம் சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு வருடம் விடைக்கு மார்க் வாங்கிப் பழகிய பிள்ளைகளுக்கு, ஆட்டத்தின் விதி மாறிவிட்டது என்று யாராவது சொல்ல வேண்டாமா?

இனி அடுத்த பக்கம். மொழித் தாளில் மதிப்பெண் திருத்துபவரின் மனத்தைப் பொறுத்தது, கணிதத்தில் அப்படி இல்லை, இரண்டும் இரண்டும் நாலுதான் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் 1912இல் ஆங்கிலத் தாள்களைப் பல ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்து, மதிப்பெண்கள் தாறுமாறாக வருவதைக் காட்டினார்கள். அடுத்த வருடம் ஒரு வடிவியல் தாளை எடுத்தார்கள். ஒரே மாணவன் எழுதிய ஒரே தாளின் நகல்கள் நூற்றுக்கும் மேற்பட்ட கணித ஆசிரியர்களிடம் போயின. திரும்பி வந்த மதிப்பெண்கள் 30க்குக் கீழே தொடங்கி 90க்கு மேலே வரை போயின. வடிவியலில்! விடையை மட்டும் பார்ப்பவர் ஒருவர், படிக்குப் படி எண்ணுபவர் ஒருவர், கையெழுத்தைப் பார்த்ததுமே முகம் சுளிப்பவர் இன்னொருவர். அந்த ஆசிரியர்கள் எல்லோரும் தங்களை நேர்மையானவர்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து ஒரு கட்டு விடைத்தாள்களைத் திருத்தினேன். ஒரு வாரம் கழித்து, போட்ட மதிப்பெண்ணைக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு, கட்டின் அடியிலிருந்து சில தாள்களை எடுத்து மறுபடி திருத்திப் பார்த்தேன். 20க்கு 11 வாங்கியிருந்த பெண் இந்த முறை 16 வாங்கினாள். அவள் எழுதியதில் ஓர் எழுத்தும் மாறவில்லை. முதல் முறை அவள் தாள் என் கைக்கு வந்தபோது விடிகாலை மூன்று மணி இருக்கும். அன்றிலிருந்து தாள் தாளாகத் திருத்துவதை விட்டேன். முதல் கேள்வியை எல்லாத் தாள்களிலும் முடிப்பேன், கட்டைக் கலைத்து அடுக்குவேன், பிறகுதான் இரண்டாவது கேள்வி.

இப்போது பேராசிரியர்களுக்குப் பிடித்த ஒரு செய்தி. அமெரிக்க விமானப்படை அகாடமியில் எந்த மாணவர் எந்த ஆசிரியரிடம் படிப்பது என்பது குலுக்கல் போலத்தான் முடிவாகும். எல்லோருக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு. அந்த மதிப்பெண்களை வைத்து காரல், வெஸ்ட் என்ற பொருளியலாளர்கள் 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் நுண்கணிதப் பாடத்தில் மாணவர்களை நல்ல மதிப்பெண் வாங்க வைத்து, அவர்களிடம் நல்ல பெயரும் எடுத்த ஆசிரியர்கள் உண்டு. அவர்களிடம் படித்தவர்கள், அதன் மேல் கட்டிய அடுத்தடுத்த பாடங்களில் சராசரியாகப் பின்தங்கினார்கள். அனுபவம் மிக்க ஆசிரியர்களிடம் படித்தவர்களுக்கு முதலில் மதிப்பெண் குறைவு, அடுத்த பாடத்தில் கூடுதல்.

முன்வரிசையில் சிலர் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். மாணவர்கள் திட்டுகிறார்கள் என்பதாலேயே ஒருவர் ஆழமாக நடத்துகிறார் என்று ஆகிவிடாது. நியூட்டன் 1669இல் கேம்பிரிட்ஜில் கணிதப் பேராசிரியரானார். கேட்க ஆளில்லாமல் சில நாள் சுவர்களுக்கே பாடம் வாசித்தார் என்று அவருடைய உதவியாளர் எழுதிவைத்திருக்கிறார். நியூட்டன் மேதை. நல்ல வாத்தியார் என்று யாரும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. நம்மில் சிலருக்கு அவரிடமிருந்து வந்து சேர்ந்தது அந்தச் சுவர் மட்டும்தான்.

வகுப்பின் சராசரி 31 வரும்படி ஒரு தாளைக் கொடுத்துவிட்டு, எல்லோருக்கும் 20 கூட்டிப் போடுகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தைதான் சொல்வேன்: அந்தத் தாள் எதை அளந்தது என்று அவர்களுக்கே தெரியாது.

மாணவர்களே, என் அறைக்கு வந்தவர்களில் "சார், இரண்டு மார்க் போட்டால் பாஸ்" என்றவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு நான் போட்டதில்லை. "இந்தப் படியில் என்ன குறைகிறது?" என்று கேட்டவர்கள் குறைவு. அவர்களுடைய தாள்களில் சில முறை தப்பு என்னுடையதாக இருந்தது. சிவப்பு மையை அடித்து நானே திருத்திக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தாளைத் திரும்பக் காட்டாத தேர்வில் இப்படிக் கேட்கவும் வழியில்லை, திருத்தவும் வழியில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. "அந்த 5 மதிப்பெண் கேள்வியில், உங்கள் தாளை இன்று நீங்கள் திருத்தினால் எத்தனை போடுவீர்கள்?"

பூஜ்யம்தான். ஆனால் "எப்படி?" என்பதோடு நிறுத்தமாட்டேன். "சைனின் வகைக்கெழுவை எங்கே நிறுவினோம்? நோட்டில் மூன்றாவது வரியைப் பார்" என்று எழுதுவேன். எழுத அரை நிமிடம் கூடுதலாகும். அறுபது தாள் இருந்தால் அரை மணி நேரம்.